துளை இடம் மாறிய வருடம்

கொழும்பிலிருந்து வந்த பெட்டியை
மத்திய வீதிக் கடையில் நான்தான் பிரித்தேன்.
கிற்றார்.
ஆனால் நடுவயிற்றில் துளை இல்லை.
தோளோரம், வாசிப்பவனின் காதைப் பார்த்தபடி
பலாச்சுளை அளவில் ஒரு திறப்பு.
உடம்பும் வற்றி,
காய்ச்சலில் கிடந்து எழும்பின ஆள் மாதிரி.
வெறும் பெட்டியை வாசலில் வைத்தேன்.
மான் ஒன்று வந்து
மூலையிலிருந்து சப்பத் தொடங்கியது.

விலைச்சீட்டும் என் கையெழுத்துத்தான்:
முற்பணம் இருபதினாயிரம்,
மிச்சம் பதினெட்டு மாதம்.
தையல் மெசினுக்கும் பிரஷர் குக்கருக்கும் எழுதிய
அதே பேனை.

முதலில் வாங்கியவன் பல்தசார்.
பாலையூற்றுக்காரன்,
கலியாண வீடுகளில் கப்பிரிஞ்ஞா வாசித்தே
விரல்நுனி தடித்தவன்.
"இவ்வளவு காலமும் சத்தம் சனத்துக்குத்தானே போனது,
வாசிக்கிறவனுக்கும் கொஞ்சம் வரட்டுமே" என்றான்.
நியாயமாகத்தான் பட்டது எனக்கு.
கொமிசன் கிடைத்ததாலும் இருக்கலாம்.

பதினொரு வருடம் அவனுக்குப் பக்கத்துக் கதிரையில்
இருந்து வாசித்த தேவரூபன் அடுத்த நாள் வந்தான்.
தட்டினான். மோந்தும் பார்த்தான்.
"இது மரமில்லை பிள்ளை,
மரத்தின்ர படம்."
அவனுடையது பானை வயிற்றுப் பழைய கிற்றார்.
மார்கழி மழைக்கு ஊதி
கம்பிகள் கழுத்தைவிட்டு எழும்பி
விரலை அறுக்கும்.
ஈரம் குடிக்கவென்று
பெட்டிக்குள் சீலையில் முடிந்த அரிசி வைத்திருப்பான்.
அதைப் பற்றி ஒருநாளும் முறையிட்டதில்லை,
கோபக்கார மனைவியைப் பற்றிப் பேசாத ஆம்பிளை மாதிரி.

பிறகு ஊர் பிரிந்தது.
உப்புவெளி ஹோட்டல்களில் வாசிப்பவர்கள் பல்தசார் பக்கம்.
தேவாலயப் பாடகர் குழு முழுக்கத் தேவரூபன் பக்கம்.
தேநீர்க் கடையில் இரண்டு மேசை.
கிண்ணியா நஜாத் மட்டும்
போனில் படம் பார்த்து ஓடர் போட்டான்.
தொடாமல், தட்டாமல், ஒரு சுருதி கேட்காமல்,
பஸ் நிலையத்தில் காசைக் கொடுத்துப் பார்சலை வாங்கினான்.
அவனைத் திட்டுவதில் மட்டும்
இரண்டு மேசையும் ஒன்று.
நானும் சேர்ந்து திட்டினேன்.
என் விலையைவிடப் பதினையாயிரம் குறைவு அது.

எனக்கும் ஒன்று இருக்கிறது.
லொறியில் விழுந்து விலா வெடித்த சரக்கு,
கழிவு விலையில் எடுத்தது.
எந்தக் கட்சியும் அதைக் கணக்கில் எடுக்கவில்லை.

சனிக்கிழமை, கடற்கரை விருந்தொன்றில்
பழைய ஒப்பந்தத்துக்காக இருவரும் வந்தார்கள்.
கதிரைகளுக்கு நடுவில் ஒரு கதிரை இடைவெளி,
அதில் நான், வெடித்த விலாவோடு.
இரண்டாவது பாட்டின் நடுவில் கரண்ட் போனது.
பல்தசாரின் வயர் செத்தது.
அவனுக்கோ தெரியவில்லை.
தோள் துளை வழியே சத்தம் நேரே அவன் காதுக்குள்;
கண்ணை மூடி, தலையாட்டி,
தனக்கு மட்டும் வாசித்துக்கொண்டிருந்தான்.
"டேய், ஒன்றும் கேக்கேல்லை!" என்று
தேவரூபன் கத்தினான்.
கத்தினதும் கேட்கவில்லை.
அலைச் சத்தத்தில்
தேவரூபனின் மரம் மூன்றாவது மேசை வரை போனது,
அதற்கப்பால் போகவில்லை.
நாலாவது மேசையில்
யாரோ நண்டை உடைத்துக்கொண்டிருந்தார்கள்.

திங்கள் காலை கம்பி வாங்க வந்தான் தேவரூபன்.
பின்னறைக்குப் போனேன், மிச்சம் எடுக்க.
சில்லறை மேசை லாச்சியிலேயே இருந்தது.
தட்டில் இருந்த இரண்டாவது கிற்றாரை
அவன் எடுப்பது கேட்டது.
மெதுவாக, ஒரே ஒரு சுருதி.
பிறகு இன்னொன்று.
பிறகு நெடுநேரம்.
எனக்குப் பாதிதான் கேட்டது,
மீதி அவன் காதுக்குப் போய்விட்டது.

நான் திரும்பி வந்தபோது
சேட்டு நுனியால் விரல் அடையாளங்களைத்
துடைத்துக்கொண்டிருந்தான்.
விலை கேட்கவில்லை.
கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்,
இந்த மாதத்திலிருந்து
முற்பணம் கூடிவிட்டதென்று.